பிஎச்.டி முடித்துவிட்டு அமெரிக்காவில் 'ஏர்லி காலேஜ்' பள்ளியில் டீச்சர் வேலை: போகலாமா?

கல்லிடை அப்பளம்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அபிஷேகப்பட்டியில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில், வேதியியலில் பிஎச்.டி முடித்தேன். இப்போது திருநெல்வேலி பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். பெயர்தான் பேராசிரியர், சம்பளம் என்னவென்று இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அட்மிஷன் சீசன் வந்தால் மே மாத வெயிலில் விக்கிரமசிங்கபுரம், கடையம் என்று ஊர் ஊராகப் போய் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து 'எங்க காலேஜ்ல சேருங்க' என்று ஆள் பிடிப்பதும் நாங்கள்தான். 2024-ல் அரசுக் கல்லூரிகளுக்கு 4000 உதவிப் பேராசிரியர்கள் என்று டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) அறிவித்ததே, அதற்குப் பணம் கட்டிவிட்டுத் தேர்வு தள்ளிப்போய்த் தள்ளிப்போய்க் காத்துக் கிடந்தவர்களில் நானும் ஒருத்தி.

வீட்டுக்காரர் நார்த் கரோலினாவில், ராலே பக்கம் இருக்கிறார். எச்-1பி வேலை விசா. கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனு ஒப்புதல் ஆகிவிட்டது, அதனால் மனைவிக்கான எச்-4 விசாவில் போனாலும் நான் வேலை பார்க்க அனுமதி வாங்கலாம் என்கிறார். அவருடன் வேலை செய்யும் ஒருவரின் மகள் அங்கே 'ஏர்லி காலேஜ் ஹைஸ்கூல்' ஒன்றில் படிக்கிறாளாம். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து, பள்ளிக்கூடம் முடிக்கிறபோதே கல்லூரியின் முதல் இரண்டு வருஷப் பாடங்களையும் சேர்த்து முடித்துவிடுவார்களாம், அதுவும் ஃபீஸ் இல்லாமல். அங்கே பிஎச்.டி படித்தவர்கள் பாடம் எடுக்கிறார்கள், நீயும் முயற்சி பண்ணு என்கிறார்.

என் கேள்வி இதுதான். பிஎச்.டிக்காரர்களுக்கு இது உண்மையிலேயே நிலைத்து நிற்கக்கூடிய ஒரு வேலையா, இல்லை பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் ஒதுங்குகிற இடமா? நம் ஊர் பிஎச்.டிக்கு அங்கே மதிப்பு உண்டா? மாமியார் இப்போதே 'டாக்டர் பட்டம் வாங்கிட்டு பள்ளிக்கூடத்து டீச்சரா போவாளா?' என்று ஆரம்பித்துவிட்டார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குற்றாலச்சாரல்:

தங்கச்சி, நான் தென்காசி. அதே மாநிலத்தில் ஒரு ஏர்லி காலேஜில் கணக்கு எடுக்கிறேன், பிஎச்.டி உண்டு. பள்ளிக்கூடத்தின் பெயரை இங்கே போடவில்லை.

முதலில் ஒரு விஷயம். 'ஏர்லி காலேஜ்' என்று ஒரே பெயரில் இரண்டு விதமான பள்ளிக்கூடங்கள் நடக்கின்றன. இந்த வித்தியாசம் தெரியாமல் விண்ணப்பம் போடுகிறவர்கள்தான் பின்னால் புலம்புகிறார்கள்.

ஒன்று பார்டு கல்லூரி நடத்துவது மாதிரி. நியூயார்க்கில் 2001-ல் ஆரம்பித்தார்கள், அப்புறம் நூவார்க், கிளீவ்லாண்ட், பால்டிமோர், வாஷிங்டன் என்று போனது. அங்கே ஒரே ஆள்தான் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் எடுப்பார், அதே பிள்ளை கடைசி இரண்டு வருஷம் கல்லூரிப் பாடம் படிக்கும்போதும் எடுப்பார். பிள்ளைகள் 60 கிரெடிட்டும் (முடித்த கல்லூரிப் பாடங்களுக்கான அலகு), அசோசியேட் டிகிரி என்கிற இரண்டு வருஷப் பட்டமும் வாங்கிக்கொண்டு வெளியே வருவார்கள். ஆசிரியர்களில் நிறையப் பேர் பிஎச்.டி, பிள்ளைகள் 'புரொபசர்' என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த வகையில் உன் பட்டத்துக்கு நிஜமாகவே வேலை உண்டு. பாடத்தை நீயே வடிவமைக்கலாம், ஒரு தனி எலெக்டிவ் (விருப்பப் பாடம்) வேண்டுமானாலும் கேட்டு நடத்தலாம். ஆனால் இது கொஞ்ச இடத்தில்தான் இருக்கிறது, ராலே பக்கம் கிடையாது.

இரண்டாவது எங்கள் மாநிலத்து வகை. நூற்றுக்கும் மேல் இருக்கின்றன, பெரும்பாலும் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருஷ அரசுக் கல்லூரி) வளாகத்துக்குள்ளேயே. சில பல்கலைக்கழக வளாகத்திலும் உண்டு, ராலேயில் என்.சி. ஸ்டேட்டோடு சேர்ந்த வேக் ஸ்டெம் ஏர்லி காலேஜ் அப்படித்தான். இங்கே வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பள்ளிப் பாடங்களை எடுப்பவர் மாவட்டக் கல்வித்துறையின் ஆசிரியர், அவருக்கு டீச்சிங் லைசென்ஸ் வேண்டும். கல்லூரிப் பாடங்களை எடுப்பவர் கல்லூரியின் ஆள், அவருக்கு லைசென்ஸ் வேண்டாம், பட்டம் வேண்டும். கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பு கேட்பது பாடத்தில் 18 கிரெடிட் முதுகலைப் படிப்போடு ஒரு மாஸ்டர்ஸ் பட்டம். அதாவது உன் எம்.எஸ்சியே போதும். பிஎச்.டி கூடுதல் பலம், அவ்வளவுதான்.

அதனால் நீ முதலில் முடிவு பண்ண வேண்டியது எந்தப் பக்கம் போகிறாய் என்பது. கல்லூரிப் பக்கம் போனால் பெரும்பாலும் அட்ஜங்க்ட் வேலைதான் முதலில் கிடைக்கும். ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி, மெடிக்கல் இன்சூரன்ஸ் கிடையாது, அடுத்த செமஸ்டர் உறுதி கிடையாது. நம் ஊர் கௌரவ விரிவுரையாளர் கதைதான், டாலரில். பள்ளிப் பக்கம் போனால் நிரந்தர மாதச் சம்பளம், இன்சூரன்ஸ், பென்ஷன். 2024-25-ல் மாநிலத்தின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 10 மாதத்துக்கு 41,000 டாலர், அதன் மேல் மாவட்டம் கொஞ்சம் போடும். பிஎச்.டி இருக்கிறதே, கூடப் போட்டுத் தருவார்கள் என்று கணக்குப் போட்டுவிடாதே. மாஸ்டர்ஸ் பட்டத்துக்குக் கொடுத்துவந்த கூடுதல் சம்பளத்தையே புதிதாக வருபவர்களுக்கு இந்த மாநிலம் 2013-ல் வெட்டிவிட்டது.

லைசென்ஸ் பெரிய மலை இல்லை. பி.எட் இல்லாதவர்களுக்கு 'ரெசிடென்சி லைசென்ஸ்' என்று ஒன்று தருகிறார்கள். வேலையில் சேர்ந்து பாடம் எடுத்துக்கொண்டே ஆசிரியர் பயிற்சியையும் முடிக்க வேண்டும், மூன்று வருஷம் வரை அவகாசம். முதல் வருஷம் முழி பிதுங்கிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆலங்குளத்து பிஜி:

அக்கா, நான் ஆலங்குளம் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் முதுகலை ஆசிரியர். எனக்கும் பிஎச்.டி உண்டு. அமெரிக்கா பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் உங்கள் மாமியார் கேட்ட கேள்வியை என் வீட்டிலும் கேட்டார்கள்.

பணத்தை மட்டும் பார்த்தால் கேள்விக்கே இடமில்லை. முதுகலை ஆசிரியரின் ஊதிய விகிதம் 36,900-இல் ஆரம்பிக்கிறது, அதன் மேல் அகவிலைப்படி. அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகப் பத்து வருஷம் இருந்தும் மாதம் 25,000 ரூபாய்தான் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பள்ளிக்கூடத்தில் என் பிஎச்.டிக்கு ஒரு வேலையும் இல்லை. டிஆர்பி கேட்டது எம்.எஸ்சியும் பி.எட்டும்தான். முனைவர் பட்டம் இருக்கிறது, பி.எட் இல்லை என்றால் விண்ணப்பமே போட முடியாது. பெயர்ப் பலகையில் 'முனைவர்' என்று போட்டுக்கொள்ளலாம், வருஷத்துக்கு ஒருமுறை இலக்கிய மன்ற விழாவில் அந்தப் பட்டத்தோடு அழைப்பார்கள். ஒரே பாடத்தை ஆறு பிரிவுக்கு ஆறு தடவை எடுக்கிறபோது யாரும் அதைக் கேட்பதில்லை.

சாரல் அண்ணாச்சி சொன்னதில் எனக்குப் பிடித்தது ஒன்று. அங்கே கல்லூரி கிரெடிட் கொடுக்க வேண்டுமென்றால் பாடம் எடுப்பவருக்கு இன்ன பட்டம் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால்தான் படித்தவர்களுக்குப் பள்ளி வளாகத்திலேயே இடம் கிடைக்கிறது. இங்கே அந்த விதி இல்லை. ஆகவே அதே ஆள், அதே மூளை, வெறும் சான்றிதழாகப் பீரோவில் கிடக்கிறது.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பள்ளிகளில் யார் படிக்கிறார்கள் அண்ணாச்சி? பணக்காரப் பிள்ளைகளா?

குற்றாலச்சாரல்:

இல்லை. வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைகள், வசதி குறைந்தவர்கள், கல்லூரி வரை போய்ச் சேராத சமூகங்களின் பிள்ளைகள், இவர்களுக்காகத்தான் 2002-ல் கேட்ஸ் அறக்கட்டளை பணத்தில் இந்த வகைப் பள்ளிகளை நாடு முழுக்கப் பரப்பினார்கள். அதற்கு முன்பே, 1974-ல், நியூயார்க் குவீன்ஸில் லாகார்டியா கம்யூனிட்டி காலேஜுக்குள் ஒரு மிடில் காலேஜ் பள்ளி ஆரம்பித்தது, அதுவும் படிப்பை விட்டுவிடுவார்கள் என்று பயந்த பிள்ளைகளுக்காகத்தான். இப்போது வசதியான வீட்டுப் பிள்ளைகளும் சேருகிறார்கள், கல்லூரிச் செலவு மிச்சம் என்று. எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வருஷத்து வகுப்பிலும் மொத்தமே நூறு பேருக்கும் குறைவு, அதனால் ஒவ்வொருவரின் வீட்டுக் கதையும் தெரிந்துவிடும்.

2013-ல் ஒரு ஆய்வு வந்தது. இந்தப் பள்ளிகளில் குலுக்கல் முறையில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். பள்ளிப் படிப்பை முடித்தவர்கள், இடம் கிடைத்தவர்களில் 86 சதவீதம், கிடைக்காதவர்களில் 81. ஆய்வுக் காலத்துக்குள் கல்லூரிப் பட்டம் வாங்கியவர்கள் அதேபோல 22 சதவீதம், 2 சதவீதம். குலுக்கல் என்பதால் 'நல்ல பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தார்கள்' என்று தள்ளிவிட முடியாது.

ஆலங்குளத்து பிஜி:

அப்படியானால் நம் பிள்ளைகள்தான். என் வகுப்பில் பாதிப் பேருக்கு அம்மா பீடி சுற்றுகிறார்கள். சாயங்காலம் பிள்ளைகளும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கூட உட்காருவார்கள், சில நாள் நோட்டில் புகையிலைத் தூள் ஒட்டியிருக்கும். முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ் வாங்க விஏஓ ஆபீஸுக்கு அலைகிற பிள்ளைகள். 2010-ல் அந்தக் கட்டணச் சலுகை வந்ததால் இன்ஜினியரிங் போனவர்கள் எங்கள் பள்ளியில் வரிசையாக உண்டு. சேர்ந்தபிறகு முதல் வருஷ கணக்கில் அரியர் வைத்து வீட்டில் உட்கார்ந்தவர்களும் உண்டு. பதினோராம் வகுப்பிலேயே ஒரு கல்லூரிப் பாடத்தை, நம் கண் முன்னால், தப்புவிட்டால் திருத்த ஆள் இருக்கும்போது படித்திருந்தால் பாதிப் பேர் தப்பியிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

போஸ்ட்டாக் புலம்பல்:

எல்லாரும் நல்லதாகவே சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். ஆராய்ச்சியில் கொஞ்சமாவது ஆசை மிச்சம் இருந்தால் இந்தப் பக்கம் போகாதீர்கள். இரண்டு வருஷம் ஆராய்ச்சிப் பேப்பர் வரவில்லை என்றால் பல்கலைக்கழகத் தேர்வுக் குழு உங்கள் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்காது. பள்ளிக்கூடத்துக்குள் போன பிஎச்.டி திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அதோடு எச்-4 வேலை அனுமதி என்பது 2015-ல் வந்த ஒரு விதி. அது எப்போது ரத்தாகும் என்று வருஷா வருஷம் வழக்கும் வதந்தியுமாக ஓடுகிறது. உங்கள் வீட்டுக்காரர் வேலை போனால் உங்கள் வேலையும் போகும். இதை நம்பி ஒரு வாழ்க்கையை எழுதாதீர்கள்.

குற்றாலச்சாரல்:

தம்பி சொல்வதில் விசா விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆராய்ச்சி விஷயமும் சரிதான், எனக்கு ஜூன், ஜூலையில் மட்டும்தான் பேப்பர் பக்கம் திரும்ப நேரம் கிடைக்கிறது, அதிலும் பாதி அடுத்த வருஷப் பாடத்திட்டம் தின்றுவிடும். ஆனால் தங்கச்சி இப்போது செய்வது ஆராய்ச்சியா? கடையத்தில் ஆள் பிடிக்கிறாள். அவள் விடப்போவது எதை என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். காலையில் பஸ் இறங்கும் இடத்தில் டியூட்டி. முதல் பீரியட் ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ரா, பதினாலு வயசு, ஒருத்தன் தூங்குவான், ஒருத்தி அழுவாள், ஒருத்தன் போனைப் பையில் வைக்க மாட்டேன் என்பான். உரக்கச் சொன்னால் மறுநாள் அம்மா ஃபோன். கற்றலில் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கு என்று தனித் திட்டம் சட்டப்படி உண்டு, அதற்கு மீட்டிங், அதற்குக் காகிதம். மத்தியானம் அதே கட்டடத்தில் பதினேழு வயசுப் பிள்ளைகளுக்கு கால்குலஸ், அந்த வகுப்புக்கு கல்லூரியே என்னைத் தனியாக நியமித்திருக்கிறது. இரண்டு வருஷம் முன்னால் பின்னக் கணக்கில் கைவிரலை எண்ணிக்கொண்டிருந்த ஒரு பையன் இன்று லிமிட் ஏன் இல்லை என்று போர்டில் வந்து நிரூபிக்கிறான். இதைப் பல்கலைக்கழகத்தில் பார்க்க முடியாது, அங்கே நமக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே வடிகட்டப்பட்டவர்கள்.

அவன் அந்த கிரெடிட்டோடு மாநிலப் பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் வருஷத்துக்கே போய்ச் சேர முடியும், கம்யூனிட்டி காலேஜுகளுக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் அப்படி ஒரு ஒப்பந்தம். அக்டோபர் வந்தால் சிபாரிசுக் கடிதம் எழுதியே கை ஒடியும்.

பாளை பழைய வாத்தியார்:

நான் 1973-ல் பாளையங்கோட்டையில் கல்லூரி வேலையில் சேர்ந்தவன், ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. இங்கே எல்லாரும் ஏதோ அமெரிக்காவில் புதிதாகக் கண்டுபிடித்த சமாச்சாரம் போலப் பேசுகிறீர்கள். நம் ஊரில் பி.யு.சி என்று ஒன்று இருந்தது, இப்போது யாருக்கும் நினைவில்லை.

பதினோரு வருஷம் பள்ளிக்கூடம், எஸ்.எஸ்.எல்.சி. அப்புறம் ஒரு வருஷம் பி.யு.சி, அது கல்லூரியில். டவுசரை விட்டு வேட்டிக்கு மாறிய கையோடு பையன்கள் வருவார்கள், பதினாறு வயசு. ஆழ்வார்குறிச்சி, சாத்தான்குளம், ராதாபுரம் என்று கிராமத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்குவார்கள். அதுவரை தமிழில் படித்தவனுக்கு திடீரென்று எல்லாம் ஆங்கிலத்தில். எம்.எஸ்சிக்குப் பாடம் எடுக்கிற அதே பேராசிரியர்தான் பி.யு.சி வகுப்புக்கும் போவார், யாரும் அதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்ததில்லை. சொல்லப்போனால் துறைத்தலைவர்கள் அந்த வகுப்பை ஜூனியர்களிடம் விடமாட்டார்கள், அடித்தளம் அங்கேதான் விழும் என்பார்கள்.

1978-ல் பிளஸ் ஒன் பள்ளிக்கூடத்துக்குப் போனது. அதில் பெரிய நன்மை உண்டு, கிராமத்துப் பிள்ளை, முக்கியமாகப் பெண் பிள்ளை, ஊரை விட்டுப் போகாமலே பன்னிரண்டு வரை படிக்க முடிந்தது. அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த வயசுப் பிள்ளைகளுக்கும் கல்லூரி வாத்தியார்களுக்கும் இருந்த தொடர்பு அன்றோடு அறுந்தது. எங்கள் துறையில் அப்போது வேலைப்பளு இல்லாமல் போய் இரண்டு பேர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார்கள். அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், இந்தப் பக்கம் கல்லூரி, நடுவில் கோட்டைச் சுவர் மாதிரி ஆகிவிட்டது. அமெரிக்காக்காரர்கள் இப்போது செய்வது அந்தச் சுவரை இடிக்கிற வேலை, நாம் எழுப்பிய அதே காலத்தில் அவர்கள் இடிக்க ஆரம்பித்திருக்கிறார்கள், 1974 என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறாரே.

அம்மா, உன் மாமியாரிடம் இதைச் சொல். அவர்கள் வயசுக்காரர்களுக்கு பி.யு.சி தெரியும். 'அங்கே பி.யு.சி மாதிரி ஒரு படிப்பு, அதற்கு புரொபசர் வேலை' என்றால் ஒரு நொடியில் புரிந்துவிடும்.

மேலப்பாளையம் கெமிஸ்ட்:

சார் சூப்பர். நான் இந்த ஊரிலேயே இருக்கப் போகிற ஆள், விசா எல்லாம் கிடையாது. எனக்கு ஏதாவது வழி உண்டா? பிஎச்.டி கையில், பி.எட் இல்லை.

பாளை பழைய வாத்தியார்:

பாலிடெக்னிக் பார். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை நேராக வருகிறான், முதல் வருஷம் கணக்கு, இயற்பியல், வேதியியல் எடுக்க முதுகலைக்காரர்கள் வேண்டும், பி.எட் கேட்பதில்லை. டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேரலாம். அமெரிக்க ஏர்லி காலேஜுக்கு நம் ஊரில் ரொம்பப் பக்கத்தில் வருவது இதுதான், பாலிடெக்னிக் என்றால் மட்டமாகப் பார்க்கிற நம் புத்தியால் அது கண்ணில் படுவதில்லை. கல்லூரி வேலைதான் வேண்டும் என்றால் நெட் அல்லது செட் தகுதித் தேர்வு எழுதி வைத்துக்கொள். 2023-ல் உதவிப் பேராசிரியர் பதவிக்கு அதைத்தான் குறைந்தபட்சத் தகுதி என்று யுஜிசி மாற்றியது, பிஎச்.டி கட்டாயம் இல்லை என்று ஆகிவிட்டது.

கல்லிடை அப்பளம்:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சார், மாமியாரிடம் பி.யு.சி என்று சொன்னேன், 'எங்க அண்ணன் ஜான்ஸ்ல பி.யு.சி படிச்சான்' என்று ஆரம்பித்து அரை மணி நேரம் அவர்கள் கதையைக் கேட்க வேண்டியதாகிவிட்டது, எதிர்ப்பு பாதி குறைந்த மாதிரிதான்.

சாரல் அண்ணாச்சி கேட்டது உறைத்தது. நான் இப்போது செய்வது ஆராய்ச்சி இல்லை. பி.எஸ்சி முதல் வருஷம் லேபில் டைட்ரேஷன் வைக்கிறேன், பாதிப் பேர் ப்யூரெட்டைத் திறக்காமலே 20.2, 20.2 என்று இரண்டு ரீடிங்கையும் ஒரே மாதிரி எழுதித் தருகிறார்கள். பிளஸ் டூவில் அப்படித்தான் மார்க் வாங்கினார்களாம். இந்தப் பழக்கம் பிடிக்கும் முன்னால், பதினைந்து வயசில், அந்தப் பிள்ளைகள் கையில் ப்யூரெட்டைக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அதனால் பள்ளிப் பக்கம், லைசென்ஸ் வழியே போகலாம் என்று நினைக்கிறேன், வேலை அனுமதி அட்டை வந்ததும்.

இப்போது ஒரு சிக்கல். நான் வேலை பார்க்கும் கல்லூரி சேரும்போதே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டது. கேட்டால் 'செமஸ்டர் முடியட்டும்', 'மூன்று மாதச் சம்பளம் கட்டு' என்று இழுக்கிறார்கள். அது கையில் இல்லாமல் அங்கே என்ன செய்வது?

குற்றாலச்சாரல்:

சண்டை போட்டாவது கிளம்பும் முன்னால் வாங்கிவிடு. ஆனால் அதற்காகக் காத்திருக்காமல் இன்னொரு வேலையை இப்போதே ஆரம்பி. அங்கே லைசென்ஸுக்கும் கல்லூரி வேலைக்கும் வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பீடு செய்து கேட்பார்கள். மதிப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்பும் டிரான்ஸ்கிரிப்டைத்தான் ஏற்கும், நீ கையில் கொண்டுபோனால் செல்லாது. பி.எஸ்சி, எம்.எஸ்சி, பிஎச்.டி மூன்றுக்கும் அபிஷேகப்பட்டியில் விண்ணப்பம் போட்டு, பணம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வை. தேர்வாணையர் அலுவலகத்துக்கு நேரில் இரண்டு மூன்று தடவை போக வேண்டிவரும், ராலேயில் உட்கார்ந்துகொண்டு ஃபோனில் இதை நடத்த முடியாது.

அப்புறம், பாடத்தின் பெயர்கள் மார்க் ஷீட்டில் 'பேப்பர் 3', 'பேப்பர் 4' என்று மட்டும் இருந்தால் சிலபஸையும் முத்திரை வைத்து வாங்கிக்கொள். 18 கிரெடிட் கணக்குக் காட்ட அது வேண்டும்.

ஆலங்குளத்து பிஜி:

சான்றிதழ் விஷயத்தில் அக்கா, ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று மாணவர்கள் விஷயத்தில் யுஜிசியே சொல்லியிருக்கிறது. வாயால் கேட்காதீர்கள். தேதி போட்டு, 'இன்ன இன்ன சான்றிதழ்கள் தங்களிடம் உள்ளன, திருப்பித் தரவும்' என்று ஒரு கடிதம் எழுதி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், நகல் ஒன்றை பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் போடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு கடிதம் போன ஒரே வாரத்தில் ஃபோன் பண்ணிக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.